பக்கத்து ரூம் கம்ப்யூட்டர் எங்கே போச்சு?

பெரியபாளையம் வட்டாரத்திலிருந்து வரும் கேள்விகள் இப்போதெல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. இன்டர்நெட் ஓடுகிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையுடன் வீடியோவில் பேச முடிகிறது. அடுத்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் மட்டும் கண்ணில் படவில்லை. இந்த முறை முழுப் பக்கமும் அந்தக் கேள்விகளுக்கே.

கே: நேற்றுவரை நெட்வொர்க்கில் தெரிந்த அண்ணனுடைய கம்ப்யூட்டரை இன்று காணோம். எங்கே போயிருக்கும்? (வடமதுரை வாசகர்)

ப: எங்கும் போகவில்லை. குரல் கொடுப்பதை நிறுத்தியிருக்கிறது.

விண்டோஸில் ‘நெட்வொர்க்’ என்று திறந்தால் வரும் பட்டியல், வீட்டில் உள்ள கம்ப்யூட்டர்களின் பட்டியல் அல்ல. ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவித்தவற்றின் பட்டியல். பட்டியலில் தெரிவது வேறு, போய்ச் சேர முடிவது வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

அதனால் முதலில் பட்டியலை மறந்துவிட்டு, முகவரிக்கே நேராகப் போய்ப் பாருங்கள். அண்ணன் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில், இணைப்பின் விவரங்களைத் திறந்தால் ஐபிவி4 முகவரி இருக்கும். 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்புளோரரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று அடித்து என்டர் தட்டுங்கள்.

ஃபோல்டர் திறந்ததா? அப்படியானால் பாதை நன்றாக இருக்கிறது, அறிவிப்புதான் நின்றிருக்கிறது. அண்ணன் மிஷினில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்பதைத் தேடுங்கள். தன் பெயரை வெளியே சொல்வது அதன் வேலை. அதற்குப் பக்கத்திலேயே உள்ள ‘ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட்’ மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும். இரண்டையும் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓடவிட்டு, முதலாவதைத் தானாகத் தொடங்கும்படி மாற்றிவையுங்கள்.

திறக்கவில்லையா? அந்த வைஃபை இணைப்பு ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இருப்பதாக நினைத்து விண்டோஸ் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். சொந்த வீட்டு இணைப்பை ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். ரவுட்டரை மாற்றினாலோ வைஃபைக்குப் புதுப்பெயர் வைத்தாலோ விண்டோஸ் அதைப் புது இடமாக எடுத்துக்கொண்டு மறுபடி ‘பப்ளிக்’கில் போட்டுவிடும். நேற்றுவரை தெரிந்தது இன்று மறைவதற்கு அடிக்கடி இதுதான் காரணம். மிஷின் தூங்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். தூங்கும் கம்ப்யூட்டர் யாருக்கும் பதில் சொல்லாது.

ஒன்று கூடுதலாக: ‘பிங்’ அடித்தேன், பதில் இல்லை, ஆகவே கம்ப்யூட்டர் இணைப்பில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பிங்குக்கு வாய் திறக்காதபடி விண்டோஸ் ஃபயர்வால் தடுத்திருக்கலாம்.

கே: தம்பி, ‘ஃபயர்வாலை ஆஃப் பண்ணு, எல்லாம் தெரியும்’ என்கிறான். பண்ணலாமா? (தாமரைப்பாக்கம் வாசகி)

ப: தெரியும். எல்லாருக்கும் தெரியும். வேண்டாம்.

சோதனைக்காக ஒரு நிமிடம் அணைத்துப் பார்க்கலாம், காரணம் எங்கே என்று புரியும். புரிந்ததும் உடனே போட்டுவிட்டு, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’குக்கு மட்டும், அதுவும் பிரைவேட் நெட்வொர்க்கில் மட்டும் அனுமதி கொடுங்கள். விண்டோஸின் ஃபயர்வால் தவிர, காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸுக்கும் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கக்கூடும். அங்கேயும் வீட்டு நெட்வொர்க் நம்பிக்கையானது என்று சொல்ல வேண்டும்.

ஏன் இந்தக் கண்டிப்பு என்றால், 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் கிளம்பியது. யாரும் எந்த லிங்க்கையும் தொடாமலேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அது தாவிய வழி, ஃபோல்டர் பகிர்வுக்காக விண்டோஸ் வைத்திருந்த பழைய எஸ்எம்பி 1 என்ற முறை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். சுமார் 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. ஆலைக்கே அந்தக் கதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவர்கள் நிறைந்த வட்டாரம் இது. ஒரு லைன் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 புதிதாக நிறுவும்போது வருவதில்லை. பழைய பட்டியல் அந்த முறையை நம்பி இருந்ததால், அன்றிலிருந்துதான் பலர் வீட்டில் கம்ப்யூட்டர்கள் ‘காணாமல்’ போக ஆரம்பித்தன. பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் கதவைத் திரும்பத் திறக்கச் சொல்லும் யோசனை எங்கே கிடைத்தாலும் ஏற்காதீர்கள்.

கே: மாடியில் ஃபைபர்காரர் வைத்த பெட்டி. கீழே சிக்னல் வரவில்லை என்று கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டினோம். இப்போது மாடியில் இருந்து கீழ் கம்ப்யூட்டர் தெரியவில்லை. ஆனால் கீழிருந்து மாடி பிரிண்டருக்கு அச்சு போகிறது! (கன்னிகைப்பேர் வாசகர்)

ப: அந்தக் கடைசி வரிக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். நோயைக் கண்டுபிடிக்க அது ஒன்றே போதும்.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்துவிட்டீர்கள். மாடிப் பெட்டி ஒரு வரிசையில் முகவரி கொடுக்கிறது, 192.168.1 என்று. கீழ் ரவுட்டர் தன் பங்குக்கு 192.168.0 என்று இன்னொரு வரிசை நடத்துகிறது. கீழே இருப்பவர் தன் ரவுட்டர் வழியாக மேலே போகலாம், அதனால் அச்சு போகிறது. மேலே இருப்பவருக்குக் கீழ் ரவுட்டரின் உள்ளே இருப்பது தெரியாது. ‘நான் இருக்கிறேன்’ என்ற அறிவிப்போ எந்தப் பக்கமும் ரவுட்டரைத் தாண்டாது.

கீழ் ரவுட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு துளை மட்டும் வேறு நிறத்தில், மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். வேன் (WAN) என்று போட்டிருப்பார்கள். மாடியிலிருந்து வரும் கேபிள் அதில்தான் சொருகியிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், கதை முடிந்தது. மலிவான மாடலில் அது இல்லையென்றால், முதலில் கீழ் ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 போல மாடி வரிசையில் யாரும் எடுக்காத ஒன்றாக மாற்றுங்கள். அதில் முகவரி கொடுக்கும் வேலையான டிஹெச்சிபி என்பதை அணையுங்கள். அதன் பிறகு கேபிளை வேனிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் உள்ள லேன் துளைகளில் ஒன்றில் சொருகுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால் வீடு முழுக்க முகவரி குழம்பும், இன்டர்நெட்டும் போகும்.

நம் பக்கத்தில் மாடி வீடு கட்டியவர்கள் எல்லாரும் இரண்டாவது ரவுட்டர் வாங்குகிறார்கள். விற்பவர்கள் இந்த ஒரு வேலையைச் செய்துகொடுத்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதி.

கே: 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரி வந்திருக்கிறது. நல்லதா? (ஆரணி வாசகர்)

ப: இல்லை. ரவுட்டர் முகவரி கொடுக்காததால் கம்ப்யூட்டர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண் அது. கேபிள், வைஃபை பாஸ்வேர்டு, ரவுட்டர் மூன்றையும் பாருங்கள். ஃபோல்டரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கே: கோயில் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு வைஃபை பிரிண்டர். கரன்ட் போய் வந்தாலே பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறது. ஆடி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இது நடந்தால் என் நிலைமை என்ன? (பெரியபாளையம் வாசகர்)

ப: பவானி அம்மன் கோயிலுக்கு வேப்பஞ்சேலை கட்டி வந்து, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு அது கையில் வரும்வரை நிற்பவர்களிடம் ‘ஆஃப்லைன்’ என்று சொல்ல முடியாதுதான்.

பிரிண்டர் முன்பலகையில் ‘ஐ’ என்ற எழுத்தோடு ஒரு சின்ன பொத்தான் இருக்கும், அல்லது மெனுவில் நெட்வொர்க் விவரத்தை அச்சிடும் வசதி இருக்கும். அழுத்தினால் ஒரு தாள் வரும். அதில் ஐபி முகவரியைத் தேடுங்கள், உதாரணமாக 192.168.1.7 என்று இருக்கட்டும். இப்போது கம்ப்யூட்டரில் பிரிண்டரின் பண்புகளில் ‘போர்ட்ஸ்’ என்ற பக்கத்தைத் திறங்கள். அங்கே 192.168.1.4 என்று இருந்தால் குட்டு வெளிப்பட்டது. கரன்ட் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எழுந்து முகவரி கேட்கின்றன. ரவுட்டர் புதிதாக ஒதுக்கியபோது பிரிண்டருக்கு 7 கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் 4-ஆம் எண் வீட்டுக்கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

ரவுட்டரின் அமைப்பில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற பகுதியில், பிரிண்டரின் அடையாளமான மேக் எண்ணைக் கொடுத்து அதற்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். மேக் எண்ணும் அதே தாளில் இருக்கும். பிறகு இரண்டு கம்ப்யூட்டரிலும் பிரிண்டரை நீக்கிவிட்டு, ‘டிசிபி/ஐபி முகவரி மூலம் சேர்’ என்ற வழியில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேருங்கள். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்ப்பது பல நேரம் ‘டபிள்யூஎஸ்டி’ போர்ட்டாக அமையும். அது அறிவிப்பை நம்பி இருப்பது, அறிவிப்பு தவறினால் ஆஃப்லைன். நேரடி முகவரி அப்படித் தடுமாறாது. இரண்டு கம்ப்யூட்டரும் பிரிண்டருக்குத் தனித்தனியாக நேரே அனுப்பும், ஒன்றை நம்பி ஒன்று இருக்க வேண்டியதில்லை.

ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றும் வாங்கி வையுங்கள். ஆடிக்கு முன்பே.

கே: யுஎஸ்பி பிரிண்டரை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் செய்தேன். மற்றதில் 11பி என்று முடியும் பிழை வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். (மஞ்சங்காரணை, ஜெராக்ஸ் கடைக்காரர்)

ப: சரியாகும், பாதுகாப்பு போகும். பிரிண்டர் பகிர்வில் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்க 2021-இல் மைக்ரோசாஃப்ட் செய்த மாற்றத்தின் விளைவு அது. அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு ஊர் ஊராக ஜெராக்ஸ் கடைகளில் இதே பிழை. யார் யாரோ பென்டிரைவ் கொண்டுவந்து சொருகும் கடையில் அந்தப் பாதுகாப்பை எடுக்காதீர்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் அப்டேட்டை முழுமையாக முடியுங்கள். ஒன்று புதுப்பித்து ஒன்று பழையதாக இருப்பதுதான் பாதித் தகராறு. அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்த பிரிண்டரை லேன் அல்லது வைஃபை உள்ளதாக வாங்குங்கள், ஷேரிங்கே தேவைப்படாது.

கே: அண்ணன் கம்ப்யூட்டர் தெரிகிறது. திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. அவன் தினமும் போடும் நாலு எண்ணைப் போட்டேன், தப்பு என்கிறது. (வெங்கல் வாசகி)

ப: நாலு எண் அந்த மிஷினின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும் உரிய ‘பின்’ எண். நெட்வொர்க் வழியாக வருபவரிடம் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர் என்றால் முழு மெயில் முகவரியும் அந்தப் பாஸ்வேர்டும் வேண்டும். பின் மட்டுமே போட்டுப் பழகிய பலருக்கு அது மறந்தே போயிருக்கும்.

இதைவிட நல்ல வழி: அண்ணன் கம்ப்யூட்டரில் பகிர்வுக்கென்று ஒரு லோக்கல் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டு வையுங்கள். எந்த ஃபோல்டர் வேண்டுமோ அதற்கு மட்டும் அந்தக் கணக்குக்கு அனுமதி. பாஸ்வேர்டு இல்லாத பகிர்வை நிறையப் பேர் சுலபம் என்று வைத்துக்கொள்கிறார்கள். நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தையின் ஆதார் நகலும் வீட்டுப் பத்திரமும் அதே டி டிரைவில்தானே இருக்கின்றன?

கே: ரவுட்டரின் பின்னால் ஹார்ட் டிஸ்க் சொருகி வீடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. (பூவிருந்தவல்லியில் வேலை பார்க்கும் பெரியபாளையத்துக்காரர்)

ப: பழைய ரவுட்டர்கள் பாஸ்வேர்டு இல்லாமல், ‘கெஸ்ட்’ என்ற முறையில் உள்ளே விடும். 2024 கடைசியில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 புரோ அதை ஏற்பதில்லை. எதிர்ப்பக்கம் கையெழுத்திட்ட தகவலாக அனுப்ப வேண்டும் என்றும் கேட்கிறது. ரவுட்டரில் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருந்தால் போட்டு, பகிர்வுக்குப் பயனர் பெயர், பாஸ்வேர்டு வையுங்கள். எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாத ரவுட்டர் என்றால் டிஸ்க்கைப் பிடுங்கி ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி அங்கிருந்து பகிருங்கள்.

கே: அக்காவுக்கு ஸ்கூலில் கொடுத்த அரசு லேப்டாப், விண்டோஸ் 7. இன்னும் ஓடுகிறது. என் விண்டோஸ் 11-இல் அது தெரிய என்ன செய்ய? (ஊத்துக்கோட்டை மாணவர்)

ப: அந்த லேப்டாப்பை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டுக்கு வணக்கம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் அந்த இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அரசு நிறுவனமான எல்காட் மூலம் வந்த அந்த மிஷின்கள் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர்.

பழைய மிஷின் என்பதால் எஸ்எம்பி 1 வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எக்ஸ்பி காலத்து மிஷினுக்கான பேச்சு. விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2 தெரியும், விண்டோஸ் 11-உடன் அதிலேயே பேசும். அதன் முகவரியை \\ போட்டு அடித்து, அதில் உள்ள கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஃபோல்டர் திறக்கும். கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லையென்றால் முதலில் ஒன்று வையுங்கள். காலியான பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது. அந்தக் காலத்து ‘ஹோம்குரூப்’பைத் தேடாதீர்கள், 2018-இலேயே அதை விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆனால் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதைத் தினமும் நெட்வொர்க்கில் வைப்பது நல்லதல்ல. லேசான லினக்ஸ் ஒன்றை அதில் போடுங்கள். அந்த மிஷின்களோடு அன்று வந்த பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. லினக்ஸில் ‘சாம்பா’ என்ற மென்பொருளைப் போட்டால் விண்டோஸுடன் ஃபோல்டர் பகிரலாம். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கி, இன்று உலகமெங்கும் ஓடுவது அது. சாம்பா மிஷின் விண்டோஸ் பட்டியலில் தானாக வராது. ‘டபிள்யூஎஸ்டிடி’ என்ற துணை நிரலையும் போட்டால் வரும். போடாவிட்டாலும் முகவரி அடித்தால் திறக்கும்.

கே: கம்பெனி லேப்டாப்பில் வீட்டுப் பிரிண்டர் தெரியவே இல்லை. (கவரைப்பேட்டை, சிப்காட் ஊழியர்)

ப: கம்பெனி நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் போட்டிருக்கும்போது உங்கள் லேப்டாப் மனதளவில் கம்பெனியில் இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்காதபடி ஐடி பிரிவு பூட்டியிருக்கும். கம்பெனி ஃபைல் என்றால் கம்பெனியிலேயே அச்செடுங்கள். பூட்டை உடைக்கும் வழியை இந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன்.

கே: ஆடி மாதம் மாடியைப் பக்தர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வைஃபை பாஸ்வேர்டும் கொடுப்போம். போன வருஷம் ஹால் டிவியில் நடுராத்திரி தானாகப் பாட்டு ஓடியது. (பெரியபாளையம் வாசகி)

ப: தானாக ஓடவில்லையம்மா. மாடியில் இருந்தவர் போன் உங்கள் டிவியைக் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறது. அதே போனுக்கு உங்கள் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தெரிந்திருக்கும்.

ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று ஒன்று தொடங்குங்கள். தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. வந்தவர்களுக்கு இன்டர்நெட் மட்டும் கிடைக்கும், வீட்டுப் பொருள் எதுவும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதையே தலைகீழாகவும் நினைவில் வையுங்கள்: உங்கள் பிரிண்டரையோ டிவியையோ தவறிப்போய் கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டு ‘தெரியவில்லை, தெரியவில்லை’ என்று தேடுபவர்கள் நிறைய. கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுக்கும் ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற சுவிட்ச் போட்டிருந்தாலும் அதே கதை. ஐபோன் வைத்திருப்பவர்கள், டிவி தெரியவில்லை என்றால் அந்த ஆப்புக்கு ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் அதைக் கேட்கிறது.

கே: கம்ப்யூட்டருக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? (ஆரணி மாணவி)

ப: ஃபோல்டருக்குத் தாராளமாக வையுங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், 15 எழுத்துக்குள். ஒரே பெயரில் இரண்டு கம்ப்யூட்டர் கூடாது.

கே: பக்கத்து வீட்டில் அப்பா. எங்கள் ரவுட்டரிலிருந்து அங்கே லேன் கேபிள் இழுத்திருக்கிறோம். போன மழையில் இடி இடித்தபின் இரண்டு வீட்டிலும் கம்ப்யூட்டர் தெரியவில்லை. (தண்டலம் வாசகர்)

ப: லேன் துளைகள் எரிந்திருக்கும். கேபிள் சொருகியதும் துளையின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் இழுப்பது இடி மின்னலுக்கு வழி போட்டுக்கொடுப்பது. அதற்குப் பதில் ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஃபைபரைத் தாங்க அதோடு ஓடும் இரும்புக் கம்பியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராமல் சுவருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இனி கேள்வி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் எத்தனை ரவுட்டர், எந்த விண்டோஸ், இரண்டு கம்ப்யூட்டரின் ஐபி முகவரிகள் என்ன என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். வைஃபை பாஸ்வேர்டை எழுத வேண்டாம், சிலர் எழுதுகிறார்கள்.